மீயொலி நெபுலைசர்

மீயொலி நெபுலைசர் அல்லது மீயொலி நுண்துளியாக்கி என்பது, நீர்ம வடிவிலுள்ள மருந்தை மீயொலி அதிர்வுகளின் மூலம் நுண்ணிய துளிகளாகச் சிதறச்செய்து, மூச்சுடன் உள்ளிழுக்கத்தக்க மூடுபனியாக மாற்றும் மருத்துவக் கருவி ஆகும். ஈழை நோய் (ஆஸ்துமா), நாட்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் தமனி உயர் அழுத்தம் முதலிய நோய்களின் மருத்துவத்திலும், நோயறிதலுக்காகச் சளியை வரவழைப்பதிலும் இது பயன்படுகின்றது. அழுத்தக் காற்றினால் இயங்கும் தாரை நெபுலைசரைக் காட்டிலும் இது ஓசையின்றியும் விரைவாகவும் இயங்கவல்லது. எனினும் துளிகளை உருவாக்கும் அதே ஆற்றல் மருந்தைச் சூடாக்குவதால், எல்லா மருந்துகளையும் இதில் பயன்படுத்த இயலாது. எனவே எந்த மருந்துக்கு எந்த வகைக் கருவி பொருந்தும் என்பதை அறிவது இன்றியமையாதது.

பெயர்

நெபுலைசர் என்னும் சொல், மூடுபனி அல்லது முகில் எனப் பொருள்படும் நெபுலா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. மனிதச் செவிக்குக் கேட்கும் ஒலியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் ஆகும். அதற்கும் மேற்பட்ட அதிர்வெண் கொண்ட ஒலியே மீயொலி எனப்படுகின்றது. மருத்துவ நெபுலைசர்களில் பயன்படும் அதிர்வெண் பொதுவாக 1 முதல் 3 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. அதாவது கருவியின் தகடு ஒரு நொடியில் பத்து இலட்சம் முதல் முப்பது இலட்சம் முறை வரை அதிர்கின்றது.

வரலாறு

மருந்தை மூச்சின் வழியே செலுத்தும் வழக்கம் மிகப் பழமையானது. மூலிகைகளைக் கொதிக்கவைத்து ஆவி பிடித்தல் பல நாடுகளின் மரபு மருத்துவங்களில் காணப்படுகின்றது. ஆனால் எளிதில் ஆவியாகும் பொருட்களை மட்டுமே அவ்வாறு உள்ளிழுக்க முடியும். ஆவியாகாத மருந்தை நுரையீரலுக்குள் செலுத்த, நீர்மத்தையே துளிகளாக உடைக்கவேண்டும். பிரான்சு நாட்டு மருத்துவர் சேல்சு-சிரோன் 1858 ஆம் ஆண்டில் கையால் அழுத்தி இயக்கும் தெளிப்புக் கருவியொன்றை அறிமுகப்படுத்தினார். 1860களில் செருமனியில் நீராவியின் விசையால் இயங்கும் கருவிகள் தோன்றின.

மீயொலி நெபுலைசருக்கு அடிப்படையான அழுத்தமின் விளைவை 1880 ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த உடன்பிறப்புகளான பியேர் கியூரி, சாக் கியூரி ஆகியோர் கண்டறிந்தனர். குவார்ட்சு போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னேற்றம் தோன்றுவதை அவர்கள் காட்டினர். மறுதலையாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரியும் என 1881 இல் காபிரியேல் லிப்மன் கணித்துக் கூறினார். அதே ஆண்டில் கியூரி உடன்பிறப்புகள் அதனைச் சோதனை மூலம் உறுதிசெய்தனர்.

முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் பொருட்டு, பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவின் குவார்ட்சுத் தகடுகளைக் கொண்டு நீருக்கடியில் மீயொலியை உண்டாக்கினார். இச்சோதனைகளைக் கண்டிருந்த அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட்டு வுட், பின்னர் ஆல்பிரட் லூமிசு என்பவருடன் இணைந்து வலிமைமிக்க மீயொலியை ஆராய்ந்தார். 1927 ஆம் ஆண்டில் இவ்விருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், அதிரும் நீர்மத்தின் மேற்பரப்பு ஊற்றுப் போல எழும்புவதும், அதிலிருந்து மூடுபனி கிளம்புவதும் விவரிக்கப்பட்டுள்ளன. இன்றைய மீயொலி நெபுலைசரின் கிண்ணத்திலும் இதே காட்சியைக் காணலாம்.

1960களில் இத்தொழில்நுட்பம் மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. தொடக்கத்தில் மூச்சுக்காற்றை ஈரமாக்குவதற்கும் சளியை இளக்குவதற்குமே இது பெரிதும் பயன்பட்டது.

அமைப்பு

மீயொலி நெபுலைசரின் முதன்மையான பகுதிகள் வருமாறு:

• மின்னலையாக்கி – வீட்டு மின்சாரத்தை அல்லது மின்கலத்தின் மின்சாரத்தை உயர் அதிர்வெண் கொண்ட மாறுமின்னோட்டமாக மாற்றும் மின்சுற்று.
• அழுத்தமின் தகடு – மின்னழுத்தத்திற்கேற்ப அதிரும் வட்டத் தகடு. முன்னர் குவார்ட்சு பயன்பட்டது. தற்காலத்தில் ஈய சிர்க்கோனேட்டு டைட்டனேட்டு போன்ற மட்பாண்ட வகைப் பொருட்கள் பயன்படுகின்றன.
• இணைப்பு நீர் அறை – பல கருவிகளில் தகட்டுக்கும் மருந்துக் கிண்ணத்துக்கும் இடையே தூய நீர் நிரப்பப்படும். அதிர்வு இந்நீரின் வழியாகக் கிண்ணத்தை அடையும். மருந்து தகட்டைத் தொடாமல் இருப்பதால் தகடு அரிக்கப்படுவதும் மருந்து மாசடைவதும் தவிர்க்கப்படுகின்றன.
• மருந்துக் கிண்ணம் – அதிர்வை ஊடுருவவிடும் மெல்லிய அடிப்பகுதி கொண்டது.
• தடுப்பு – பெரிய துளிகளைத் தடுத்து மீண்டும் கிண்ணத்திற்குள் விழச்செய்வது.
• விசிறி – உருவான மூடுபனியை வெளியே தள்ளுவது. சில கருவிகளில் விசிறி இருக்காது. நோயாளியின் மூச்சே மூடுபனியை இழுத்துச்செல்லும்.
• வாய்க்குழல் அல்லது முகமூடி.

செயற்படும் விதம்

தகடு அதிரும்போது மீயொலி அலைகள் நீர்மத்தின் வழியாக மேல்நோக்கிச் சென்று மேற்பரப்பில் குவிகின்றன. அங்கே நீர்மம் சிறிய ஊற்றுப் போல உயர்கின்றது. அவ்வூற்றின் பரப்பிலிருந்து நுண்துளிகள் தெறிக்கின்றன. இத்துளிகள் எவ்வாறு பிரிகின்றன என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன.

முதலாவது, நுண்புழை அலை விளக்கம். அதிரும் நீர்மத்தின் பரப்பில் மேற்பரப்பு இழுவிசையால் கட்டுப்படுத்தப்படும் மிகச் சிறிய அலைகள் தோன்றுகின்றன. அதிர்வின் வலிமை ஓர் எல்லையைக் கடக்கும்போது இவ்வலைகளின் முகடுகள் அறுபட்டுத் துளிகளாகின்றன. அதிரும் தட்டில் உள்ள நீர்மத்தின் பரப்பில் எழும் அலைகளை மைக்கேல் பாரடே 1831 ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்திருந்தார்.

இரண்டாவது, குழிவுறல் விளக்கம். நீர்மத்தினுள் தோன்றும் நுண்குமிழ்கள் மேற்பரப்புக்கு அருகே திடீரெனச் சிதைந்து, அந்த அதிர்ச்சியால் துளிகளை வெளியே தள்ளுகின்றன என இது கூறுகின்றது. கார்ல் சோல்னர் 1936 இல் இக்கருத்தை முன்வைத்தார். நுண்குமிழ்களின் சிதைவு அலை முகடுகளைத் தூண்டுகின்றது என இரண்டையும் இணைத்துக் கூறும் விளக்கமும் உண்டு.

துளியின் அளவு

1962 ஆம் ஆண்டில் இராபர்ட்டு லாங் என்பவர், துளியின் சராசரி விட்டம் மேற்பரப்பு அலையின் அலைநீளத்தில் ஏறத்தாழ 0.34 மடங்கு எனக் காட்டினார். நீர்மத்தின் மேற்பரப்பு இழுவிசை கூடினால் அலைநீளம் கூடும். அடர்த்தியோ அதிர்வெண்ணோ கூடினால் அது குறையும். ஆகவே துளியின் அளவைத் தீர்மானிக்கும் முதன்மையான காரணி தகட்டின் அதிர்வெண்ணே ஆகும். தூய நீருக்கு இத்தொடர்பின்படி கணக்கிட்டால் பின்வரும் விட்டங்கள் கிடைக்கின்றன:

• 1.0 மெகாஹெர்ட்ஸ் – ஏறத்தாழ 4.2 மைக்ரோமீட்டர்
• 1.7 மெகாஹெர்ட்ஸ் – ஏறத்தாழ 2.9 மைக்ரோமீட்டர்
• 2.4 மெகாஹெர்ட்ஸ் – ஏறத்தாழ 2.3 மைக்ரோமீட்டர்

அதிர்வெண்ணை இருமடங்காக்கினால் விட்டம் பாதியாகக் குறைவதில்லை. அது ஏறத்தாழ 0.63 மடங்காகவே குறையும். மின்னாற்றலைக் கூட்டினால் வெளிவரும் மூடுபனியின் அளவு கூடுமேயன்றித் துளியின் விட்டம் பெரிதாக மாறாது. எனினும் இவை கணக்கீட்டு அளவுகளே. நடைமுறையில் துளிகள் ஒன்றோடொன்று மோதி இணைவதாலும் வழியில் ஆவியாவதாலும் பல்வேறு அளவுத் துளிகள் கலந்தே நோயாளியை அடைகின்றன.

துளி அளவும் நுரையீரலும்

மூச்சுப் பாதை பலமுறை கிளைத்துக் குறுகிச் செல்லும் அமைப்புடையது. துளி எந்த இடத்தில் படியும் என்பது பெரும்பாலும் அதன் விட்டத்தைப் பொறுத்தது.

• 5 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துளிகளில் பெரும்பகுதி, காற்று வளைந்து செல்லும் இடங்களில் வளைய இயலாமல் வாயிலும் தொண்டையிலும் மோதிப் படிகின்றன.
• 1 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையிலான துளிகள் மூச்சுக்குழல் கிளைகளையும் அவற்றுக்கு அப்பாலுள்ள நுண்காற்றறைகளையும் அடைந்து, புவியீர்ப்பினால் மெல்லப் படிகின்றன.
• 1 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துளிகளில் ஒரு பகுதி படியாமலேயே வெளிமூச்சுடன் திரும்பிவிடுகின்றது.

துளி சுமக்கும் மருந்தின் அளவு விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது. 10 மைக்ரோமீட்டர் துளியொன்று, 1 மைக்ரோமீட்டர் துளியைப் போல ஆயிரம் மடங்கு மருந்தைச் சுமக்கும். எனவே சில பெரிய துளிகள் தொண்டையில் படிந்தாலும் மருந்தின் கணிசமான பகுதி வீணாகிவிடும். கிண்ணத்தில் ஊற்றிய மருந்தும் நுரையீரலைச் சேர்ந்த மருந்தும் ஒன்றல்ல என்பதற்கு இது ஒரு காரணம். கிண்ணத்தின் சுவரில் ஒட்டி எஞ்சும் மருந்தும், மூச்சை வெளிவிடும்போது காற்றில் கலந்துவிடும் மூடுபனியும் மற்றக் காரணங்கள் ஆகும்.

தாரை நெபுலைசருடன் ஒப்பீடு

தாரை நெபுலைசரில் அழுத்தக் காற்று குறுகிய துளை வழியாகப் பாய்ந்து, மருந்தை உறிஞ்சி உடைக்கின்றது. இவ்விரு கருவிகளுக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடுகள்:

• ஓசை: தாரைக் கருவியின் காற்றழுத்தி இரைச்சலிடும். மீயொலிக் கருவி பெரும்பாலும் ஓசையற்றது. எனவே உறங்கும் குழந்தைக்கும் மருந்து செலுத்த வசதியானது.
• வேகம்: மீயொலிக் கருவி ஒரு நிமிடத்தில் வெளிவிடும் மூடுபனி பொதுவாக அதிகம். பெரிய கருவிகள் நிமிடத்திற்குச் சில மில்லிலீட்டர் வரை வெளிவிடும்.
• வெப்பநிலை: தாரைக் கருவியில் ஆவியாதலால் மருந்து குளிர்கின்றது. மீயொலிக் கருவியில் அதிர்வாற்றலின் ஒரு பகுதி வெப்பமாக மாறுவதால், சில நிமிடங்களில் மருந்தின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேலும் உயரக்கூடும்.
• மருந்து வகை: தாரைக் கருவி கரைசல்களுக்கும் தொங்கல்களுக்கும் பொருந்தும். மீயொலிக் கருவி கரைசல்களுக்கே பொருந்தும்.
• பழுது: தாரைக் கருவியின் கிண்ணம் எளிமையானது, மலிவானது. மீயொலிக் கருவியின் தகடும் மின்சுற்றும் பழுதடைந்தால் செலவு கூடும்.

பொருந்தும் மருந்துகளும் பொருந்தா மருந்துகளும்

நீரில் முற்றிலும் கரைந்துள்ளதும், வெப்பத்தால் எளிதில் சிதையாததும், பாகுத்தன்மை குறைந்ததுமான மருந்துகளே மீயொலி நெபுலைசருக்கு உகந்தவை. மூச்சுக்குழலை விரிக்கும் சல்பூட்டமால், இப்ராட்ரோப்பியம் ஆகியவற்றின் கரைசல்களும் உப்புக் கரைசலும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

பூடசொனைடு என்னும் ஸ்டீராய்டு மருந்து நீரில் கரைவதில்லை. அதன் நுண்துகள்கள் நீரில் மிதக்கும் தொங்கலாகவே அது விற்கப்படுகின்றது. மீயொலி ஊற்றிலிருந்து பிரியும் துளிகளின் விட்டம் இத்துகள்களின் விட்டத்தோடு ஒப்பிடத்தக்கது என்பதால், துகள்கள் துளிகளில் எளிதில் ஏறுவதில்லை. விளைவாக, மூடுபனியில் பெரும்பாலும் நீரே வெளியேற, மருந்து கிண்ணத்திலேயே தங்கிவிடுகின்றது. இக்குறையைக் கண்ணால் கண்டறிய இயலாது. மூடுபனி வழக்கம்போல அடர்த்தியாகவே தோன்றும். கிண்ணத்தில் நீர்மமும் குறைந்துகொண்டே வரும். மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டதாகவே நோயாளி எண்ணுவார். ஈழை நோயைக் கட்டுப்படுத்த நாள்தோறும் எடுக்கவேண்டிய மருந்து இது என்பதால், அது உடலைச் சேராமல் போவதன் விளைவு சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்தே வெளிப்படலாம். இம்மருந்தின் பயன்பாட்டுக் குறிப்பு, மீயொலி நெபுலைசர் இதற்கு ஏற்றதன்று எனத் தெரிவிக்கின்றது.

புரத மருந்துகளில் சிக்கல் வேறு வகையானது. கட்டியான சளியை இளக்கும் தோர்னேசு ஆல்பா என்னும் நொதி, சிசுட்டிக் பைபுரோசிசு எனப்படும் மரபுவழி நோய்க்கு 1993 முதல் பயன்பட்டு வருகின்றது. மீயொலிக் கருவியில் தோன்றும் வெப்பமும், நீர்மமும் காற்றும் சந்திக்கும் பரப்பு இடைவிடாது புதுப்பிக்கப்படுவதும் புரதத்தின் மடிப்பைக் குலைக்கக்கூடும். மடிப்புக் குலைந்த நொதி நுரையீரலை அடைந்தாலும் தன் வேலையைச் செய்யாது.

சளி வரவழைத்தல்

மருந்து செலுத்துவதற்கு அப்பால், மீயொலி நெபுலைசர் நோயறிதலுக்கும் உதவுகின்றது. காசநோய் உள்ளதா என அறியச் சளியை ஆய்வு செய்வது வழக்கம். ஆனால் சிறு குழந்தைகள் சளியைத் துப்புவதில்லை, விழுங்கிவிடுகின்றனர். அதனால் குழந்தையை இரவு முழுதும் வெறும் வயிற்றுடன் வைத்திருந்து, அதிகாலையில் மூக்கின் வழியாகக் குழாய் செலுத்தி இரைப்பை நீரை எடுக்கும் முறை நெடுங்காலமாகக் கையாளப்படுகின்றது. உடலின் உப்புச் செறிவைக் காட்டிலும் மிகுந்த செறிவுடைய, பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு உப்புக் கரைசலின் மூடுபனியை உள்ளிழுக்கச் செய்தால், மூச்சுக்குழலினுள் நீர் சுரந்து சளி இளகி, இருமல் தூண்டப்படுகின்றது. இதுவே சளி வரவழைத்தல் ஆகும். மிகுதியான மூடுபனி தேவைப்படுவதால் இதற்கு மீயொலிக் கருவி பொருத்தமானது.

1980களில் எய்ட்சு நோயாளிகளைத் தாக்கிய நியூமோசிசுட்டிசு நுரையீரல் அழற்சியைக் கண்டறியவும் இம்முறை பயன்பட்டது. நுரையீரலுக்குள் உள்நோக்கி செலுத்தாமலேயே பலருக்கு நோயை உறுதிசெய்ய இது வழிவகுத்தது. 1990களில் இருந்து ஈழை நோயாளிகளின் சளியிலுள்ள வெள்ளை அணுக்களை எண்ணி அழற்சியின் தன்மையை அறியவும் இது கையாளப்படுகின்றது.

செறிந்த உப்புக் கரைசல் மூச்சுக்குழலைச் சுருங்கச் செய்யக்கூடும். ஆகவே முன்னதாக சல்பூட்டமால் கொடுக்கப்படும். வரவழைக்கப்படும் இருமலால் காசநோய்க் கிருமிகள் காற்றில் பரவும் இடர் உள்ளமையால், காற்று முறையாக வெளியேற்றப்படும் தனி அறையில், தகுந்த முகக்கவசம் அணிந்த பணியாளர்களே இதனைச் செய்தல் வேண்டும்.

நுரையீரல் தமனி உயர் அழுத்தத்தில்

இதயத்திலிருந்து நுரையீரலுக்குக் குருதியை எடுத்துச்செல்லும் தமனிகளில் அழுத்தம் உயர்வது ஓர் அரிய, கடுமையான நோயாகும். இதற்கான திரெப்ரோசுட்டினில் என்னும் மருந்தை மூச்சின் வழி செலுத்த 2009 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. அம்மருந்துக்கெனக் குறிக்கப்பட்ட கருவி மீயொலி நெபுலைசரே ஆகும். ஒவ்வொரு மூச்சிலும் 6 மைக்ரோகிராம் மருந்து கிடைக்கும் வகையில் கருவி சிறு துடிப்புகளாக மூடுபனியை வெளிவிடுகின்றது. நோயாளி மூச்சுகளை எண்ணி எடுத்துக்கொள்கின்றார். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 3 மூச்சுகள் என்றிருந்து படிப்படியாக உயர்த்தப்படும். மருந்தும் கருவியும் ஒன்றாகவே சோதிக்கப்பட்டு ஒன்றாகவே ஒப்புதல் பெற்றமையால், மேலே குறிப்பிட்ட பொருந்தாமைச் சிக்கல் இங்கு எழுவதில்லை.

தூய்மை

நெபுலைசர் கிண்ணத்திலுள்ள நீர்மத்தில் எது கலந்திருந்தாலும் அது நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடும். மூக்கும் தொண்டையும் வழக்கமாகத் தடுக்கும் பொருட்களையும் நுண்துளிகள் சுமந்துசென்றுவிடுகின்றன. கொதிநீராவியைப் போலன்றி மீயொலி மூடுபனி குளிர்ச்சியானது என்பதால், அதிலுள்ள நுண்ணுயிரிகள் வெப்பத்தால் அழிவதும் இல்லை. சூடோமோனாசு, லெஜியோனெல்லா போன்ற நுண்ணுயிரிகள் தேங்கிய நீரில் வளரவல்லவை. எனவே கிண்ணத்தையும் வாய்க்குழலையும் ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்துதல், இணைப்பு நீரை மாற்றுதல், குழாய் நீருக்குப் பதிலாகத் தூய்மைப்படுத்திய உப்புக் கரைசலைப் பயன்படுத்துதல் ஆகியவை வலியுறுத்தப்படுகின்றன.

இதே தத்துவத்தில் இயங்கும் வீட்டு ஈரப்பதமூட்டிகள் தொடர்பாகத் தென் கொரியாவில் ஏற்பட்ட பேரிடர் இதன் தீவிரத்தை உணர்த்துகின்றது. ஈரப்பதமூட்டியின் நீர்த்தொட்டியில் கிருமிகள் வளராமல் இருப்பதற்கான வேதிப்பொருட்கள் அந்நாட்டில் 1994 முதல் விற்கப்பட்டன. 2011 ஆம் ஆண்டில், காரணம் தெரியாத கடுமையான நுரையீரல் நோயுடன் இளம் தாய்மார்கள் உட்படப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்திய ஆய்வில், தொட்டியில் ஊற்றிய கிருமிநாசினியே காரணம் எனத் தெரியவந்தது. அதே ஆண்டில் அப்பொருட்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அவற்றுள் முதன்மையானது பாலிஎக்சாமெத்திலீன் குவானிடின் என்னும் சேர்மம். பரப்புகளைத் தூய்மைப்படுத்தப் பயன்பட்ட ஒரு பொருள், நுண்துளிகளாக மூச்சில் கலந்தபோது நுரையீரலைத் தழும்புறச் செய்தது. பல நூறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகளும் அடங்குவர்.

ஈரப்பதமூட்டிகள் மருந்து செலுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. அவற்றின் துளி அளவோ வெளியீட்டு அளவோ மருத்துவத் தேவைக்கேற்பச் சோதிக்கப்படுவதில்லை. ஆகவே அவற்றை நெபுலைசருக்கு மாற்றாகப் பயன்படுத்தலாகாது.

வலைத்தகட்டு நெபுலைசர்

மீயொலி நெபுலைசரின் குறைகளைக் களையும் முயற்சியில் உருவானது வலைத்தகட்டு நெபுலைசர் ஆகும். இதிலும் அழுத்தமின் பொருளே அதிர்வைத் தருகின்றது. ஆனால் அவ்வதிர்வு நீர்மத்தின் பரப்பைக் கலக்கித் துளிகளை அறுப்பதில்லை. சில மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட மெல்லிய தகட்டின் வழியே மருந்து துளித்துளியாகத் தள்ளப்படுகின்றது. துளியின் அளவைத் துளையின் விட்டமே பெரிதும் தீர்மானிப்பதால் மெகாஹெர்ட்ஸ் அளவு அதிர்வெண் தேவைப்படுவதில்லை. 100 கிலோஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்ணும் குறைந்த ஆற்றலும் போதுமானவை. ஆகவே மருந்து மிகக் குறைவாகவே சூடாகின்றது. கிண்ணத்தில் எஞ்சும் மருந்தும் குறைவு. மின்கலத்தில் இயங்கும் கையடக்கக் கருவிகள் இதனாலேயே இயன்றன. பல புரத மருந்துகளையும் சில தொங்கல்களையும் இதன்மூலம் செலுத்த முடிகின்றது. துளைகள் அடைபடுவதும், விலை கூடுதலாக இருப்பதும் இதன் குறைகளாகும். அசுட்ரியோனாம் என்னும் நுண்ணுயிர் எதிரியின் உள்ளிழுப்பு வடிவம் 2010 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, அதற்கென ஒரு வலைத்தகட்டுக் கருவியே குறிக்கப்பட்டது.

வீட்டுப் பயன்பாட்டில் மீயொலிக் கருவிகளின் இடத்தை வலைத்தகட்டுக் கருவிகள் பெருமளவு பிடித்துள்ளன. இவ்விரு வகைகளும் ஓசையின்றி இயங்குவதாலும், தோற்றத்தில் ஒத்திருப்பதாலும் ஒன்றையொன்று எனத் தவறாகக் கருத வாய்ப்புண்டு. புதிய மருந்தொன்றை நெபுலைசரில் இடுவதற்கு முன் கருவி எவ்வகையைச் சேர்ந்தது என்பதையும், அவ்வகை அம்மருந்தின் பயன்பாட்டுக் குறிப்பில் ஏற்கப்பட்டுள்ளதா என்பதையும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டறிதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

• அழுத்தமின் விளைவு
• மீயொலி
• ஈழை நோய்
• நுரையீரல்
• காசநோய்
• மேற்பரப்பு இழுவிசை